சுவாமி ஓடிய தெருவும் ராஜநாகம் உலவும் காடும்



காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை வந்துவிட்டது. "எங்கேயாவது கூட்டிப் போங்கப்பா" என்று வீட்டில் நச்சரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். தண்ணீரில் சறுக்கும் பூங்காவுக்கும் கடைகள் நிறைந்த பெரிய கட்டடத்துக்கும் போய் வந்த கதைகளை நிறையக் கேட்டாயிற்று. இந்த வாரம் வேறு ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே சறுக்கு மரம் இல்லை. ஐஸ்கிரீம் கிடைப்பதே கஷ்டம். ஆனால் அந்த ஊருக்குப் போய் வந்த பிறகு, நான் வகுப்பில் பல வருடங்கள் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தைத் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த ஊரின் பெயர் ஆகும்பே. கர்நாடக மாநிலத்தில், சிவமொக்கா மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் இருக்கிற சின்னஞ்சிறு ஊர். ஒரு கடைவீதி, ஒரு பேருந்து நிறுத்தம், ஓட்டு வீடுகள், அவ்வளவுதான். சுற்றிலும் மழைக்காடு.

எங்கள் திருமானூரில் மழை என்றால் அது ஐப்பசி கார்த்திகையில் வருகிற விருந்தாளி. ஆடி மாதத்தில் கொள்ளிடப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால், மேட்டூரில் தண்ணீர் திறந்துவிடாத வருடங்களில், கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான். அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி. அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன எனக்கு ஆகும்பேயின் மழை முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிப்போயிற்று. துவைத்த வேட்டி மட்டும் காயவே இல்லை!

ஆகும்பேயில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை சராசரியாக 7000 மில்லிமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி 1000 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. எண்ணாகச் சொன்னால் விளங்காது என்று எனக்குத் தெரியும். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் வீட்டு மொட்டை மாடி பத்துச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகும்பே மழை அதன்மேல் பெய்தால் ஒரு வருடத்தில் எத்தனை லிட்டர்? பெருக்கிப் பாருங்கள்: எழுபதாயிரம்! அந்த மழை ஓடாமல் வடியாமல் அப்படியே நின்றால் இரண்டு மாடி வீடு மூழ்கிவிடும்.

ஏன் அங்கே மட்டும் இப்படி? ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. வருகிற வழியில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது. காற்று மேலே ஏறியாக வேண்டும். மேலே ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்ததும் ஈரம் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஆகும்பே அந்தச் சுவரின் உச்சியில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் மாலையில் அங்கிருந்தே அரபிக்கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். சுமையை எல்லாம் அங்கே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டி நம் பக்கம் வருகிறது காற்று. அதனால்தான் ஆடிக்காற்று நமக்குப் புழுதியை மட்டும் தருகிறது. (நம் மாநிலத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு: வால்பாறைக்கு அருகே சின்னக்கல்லாறு.)

அந்த வட்டாரத்தில் மேற்கே விழும் மழை சீதா ஆறாகப் பாய்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே விழுவது துங்கை ஆற்றில் சேர்ந்து, துங்கபத்திரையாகி, கிருஷ்ணையில் கலந்து வங்கக்கடலுக்கு வருகிறது. பக்கத்துப் பக்கத்து மலைச்சரிவில் விழுந்த இரண்டு துளிகள் இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போவதை நினைத்துப் பாருங்கள். வரைபடத்தை எடுத்து விரலால் தடம் பிடித்துப் பாருங்கள், நன்றாக இருக்கும்.

மழை போதும். கதைக்கு வருவோம்.

உங்கள் அப்பா அம்மாவிடம் "மால்குடி டேஸ்" என்று சொல்லிப் பாருங்கள். பலருடைய முகம் மலரும். 1980-களில் தூர்தர்ஷனில் வந்த தொடர் அது. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. இந்தி புரியாவிட்டாலும் திண்ணை நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். சுவாமி என்ற பள்ளிச் சிறுவன், அவன் கூட்டாளிகள், கண்டிப்பான அப்பா, கதை சொல்லும் பாட்டி, பிடிக்காத கணக்குப் பாடம்... புரிந்துகொள்ள மொழி எதற்கு?

அந்தத் தொடரை இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். பெரும்பகுதியை ஆகும்பேயில்தான் படம் பிடித்தார். இசையமைத்தவர் நம் எல். வைத்தியநாதன். ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் வந்த கோட்டோவியங்கள் ஆர்.கே. லட்சுமண் வரைந்தவை. அவர் யார் தெரியுமா? மால்குடிக் கதைகளை எழுதிய ஆர்.கே. நாராயணின் தம்பி.

நாராயண் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று சென்னையில் பிறந்தவர். புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். அங்கே அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் ஒரு மயிலும் ஒரு குரங்கும்! அப்பா மைசூரில் தலைமையாசிரியர். தலைமையாசிரியர் மகன் என்றால் எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்குவான் என்று நினைப்பீர்கள். கல்லூரியில் சேருவதற்கான தேர்வில் அவர் தோற்றுப்போனார். ஓராண்டு வீட்டில் இருந்து கையில் கிடைத்ததை எல்லாம் படித்தார். பிறகு கொஞ்ச நாள் ஆசிரியர் வேலையும் பார்த்தார். உடற்பயிற்சி ஆசிரியர் வராத நாளில் அவருடைய வகுப்பையும் எடுக்கச் சொன்னார்களாம்; வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். (ஆசிரியராக இருந்த நான் இதை உங்களிடம் சொல்லக்கூடாதுதான்.)

1930-ஆம் ஆண்டு விஜயதசமி நாளன்று பெங்களூரில் எழுத உட்கார்ந்தபோது அவர் மனத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம் தோன்றியது. அந்த நிலையத்தின் பெயர்ப் பலகையில் இருந்தது மால்குடி. அங்கிருந்து சரயு என்ற ஆறு வந்தது, கபீர் தெரு வந்தது, ஆல்பர்ட் மிஷன் பள்ளி வந்தது, சுவாமி வந்தான். "சுவாமியும் நண்பர்களும்" கதை பிறந்தது. ஆனால் அதை அச்சிட ஆளில்லை. லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். மனம் நொந்த நாராயண், இங்கிலாந்தில் இருந்த நண்பருக்கு, "அதைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு" என்கிற மாதிரி எழுதிவிட்டார். நல்லவேளை, நண்பர் பேச்சைக் கேட்கவில்லை! கிரகாம் கிரீன் என்ற எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவருக்குப் பிடித்துப்போய், 1935-இல் புத்தகம் வெளிவந்தது.

அதன் பிறகு நாராயண் 2001-இல் மறையும் வரை அவரைக் கேட்காதவர்கள் இல்லை: "மால்குடி எங்கே இருக்கிறது?" கொள்ளிடக் கரையில் இருக்கும் லால்குடிதான் மால்குடி என்பார்கள் நம் பக்கத்தில். பெங்களூரின் மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் சேர்த்தால் மால்குடி என்பார்கள் கர்நாடகத்தில். வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே கிடையாது. ஆகும்பேயும் மால்குடி கிடையாது. கதையில் ரயில் வரும். ஆகும்பேக்கு ரயில் பாதையே இல்லை. ரயில் காட்சிகளைச் சிவமொக்காவுக்கு அப்பால் இருக்கும் அரசாளு என்ற சின்ன நிலையத்தில் எடுத்தார்கள். அந்தப் பழைய நிலையக் கட்டடம் 2020-இல் மால்குடி அருங்காட்சியகமாக மாறியது.

நாராயணைப் பற்றி உங்களுக்கு இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் 1986 முதல் 1992 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். அங்கே அவர் எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? உங்கள் புத்தகப் பையின் எடையைப் பற்றி! சின்னக் குழந்தைகள் மூட்டை தூக்கிகளைப் போலக் கூனி நடக்கிறார்கள் என்று வருந்தினார். பிறகு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைத்து, 1993-இல் சுமையற்ற கல்வி பற்றி அறிக்கையும் வந்தது. பை இன்னும் கனமாகத்தான் இருக்கிறது என்கிறீர்களா? சரிதான். சுவாமியைப் படைத்தவர் எழுபது, எண்பது வயதிலும் சுவாமியை மறக்கவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆகும்பேயில் சுவாமியின் வீடாகக் காட்டப்பட்டது "தொட்ட மனெ". பெரிய வீடு என்று பொருள். நூறாண்டுக்கும் மேல் பழமையானது. மரத்தூண்கள், நடுவில் முற்றம், மழைக்காகத் தாழ்வாக இறக்கிய ஓட்டுக் கூரை. உள்ளே நுழையும்போது படத்தில் பார்த்த இடம் என்ற துள்ளல்தான் எனக்கும் இருந்தது. வருகிறவர்களுக்குக் கஷாயம் கொடுத்து உபசரிக்கிற வீடு அது. என்னோடு உள்ளே வந்த ஒரு குடும்பம் செல்பேசியை நீட்டிக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் புகுந்து புகுந்து படம் எடுத்தது. ஒரு பையன் சமையலறை வாசல் வரை போய்விட்டான். அங்கே ஒரு பெண்மணி அரிசி களைந்துகொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. உங்கள் வீட்டில் அம்மா சமைக்கும்போது முன்பின் தெரியாத நாலு பேர் நுழைந்து படம் எடுத்தால் எப்படி இருக்கும்? படப்பிடிப்பு முடிந்து கலைஞர்கள் போய்விட்டார்கள். வீட்டில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

இதை எழுதும்போது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. கல்கியின் "பொன்னியின் செல்வன்" கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் வரும் பழுவேட்டரையர்களின் பழுவூர் எங்கே இருக்கிறது? திருமானூரிலிருந்து அரியலூர் போகிற வழியில், கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று பேருந்து நடத்துனர் கூவுகிறாரே, அதுதான்! பழுவேட்டரையர்கள் கதைக்காகப் பிறந்தவர்கள் இல்லை. கல்வெட்டில் இருக்கும் உண்மையான சிற்றரசர்கள். கீழையூரில் அவர்கள் காலத்து இரட்டைக் கோயில் இன்றும் நிற்கிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் காரில் தேடி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். தினமும் அந்த வழியாகப் பள்ளிக்குப் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்!

இனி காடு.

ஆகும்பேக் காட்டில் நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரியாது. மரங்களின் தலைகள் கூரை போல மூடியிருக்கும். இருவாச்சிப் பறவை பறந்தால் சிறகோசை கீழே வரை கேட்கும். மரத்துக்கு மரம் சறுக்கிப் பாயும் பறக்கும் ஓணான், சிங்கவால் குரங்கு, விதவிதமான தவளைகள், எல்லாம் உண்டு. நான் அதிகமாகப் பார்த்தது அட்டைகளை! காலுறைக்குள் புகுந்து இரத்தம் குடித்துவிட்டு, நமக்குத் தெரியாமலே விழுந்துவிடும். வலிக்காது. பயப்படவும் வேண்டாம்.

ஆனால் அந்தக் காட்டின் ராஜா வேறு. ராஜநாகம்! உலகிலேயே மிக நீளமான நச்சுப்பாம்பு. பெரியவை பதினைந்து அடியைத் தாண்டும். அதற்கு முக்கிய உணவு பிற பாம்புகள். சாரை, நல்ல பாம்பு எதுவானாலும் விழுங்கிவிடும். இன்னொரு வியப்பும் உண்டு. உலகில் கூடு கட்டி முட்டையிடும் பாம்பு இது. பெண் ராஜநாகம் உடலாலேயே சருகுகளைக் கூட்டிக் கூட்டிக் குவித்து, நடுவில் முட்டையிட்டு, மேலே உட்கார்ந்து காவல் காக்கும். அவ்வளவு மழையிலும் சருகுக் குவியலின் உள்ளே முட்டை நனையாமல் இருக்கும். கையும் காலும் இல்லாமல் கட்டிய வீடு!

இத்தனை காலம் ராஜநாகம் ஒரே இனம் என்று நினைத்திருந்தோம். 2024-இல்தான் ஆராய்ச்சியாளர்கள் அது நான்கு இனங்கள் என்று பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இனத்துக்கு, கன்னட மக்கள் வழங்கும் "காளிங்க" என்ற பெயரையே வைத்தார்கள்.

இந்தக் காட்டுக்கு உலகத்தின் கவனத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ரோமுலஸ் விட்டேகர். அமெரிக்காவில் பிறந்து சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்தவர். கிண்டி பாம்புப் பண்ணையும் மாமல்லபுரம் சாலையில் உள்ள முதலைப் பண்ணையும் அவர் தொடங்கியவை. 1971-இல் ஆகும்பேயில்தான் காட்டில் ராஜநாகத்தை முதல்முறையாகப் பார்த்தார். அந்த நினைவு விடவில்லை. 2005-இல் அங்கேயே மழைக்காடு ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 2008 முதல் ராஜநாகத்தின் உடலுக்குள் சின்ன ரேடியோக் கருவி வைத்து, அது எங்கே போகிறது, எங்கே தூங்குகிறது என்று பின்தொடர்ந்து படித்தார்கள். வீட்டுக்குள் ராஜநாகம் வந்துவிட்டாலும் ஆகும்பே மக்கள் தடியை எடுப்பதில்லை. ஆட்களை அழைத்துப் பிடிக்கச் செய்து காட்டில் விடுகிறார்கள். அதை வணங்குகிற வழக்கம் அவர்களுக்கு உண்டு.

விட்டேகருக்குப் பாம்பைப் பற்றிக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் தெரியுமா? நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். பள்ளிக்கூடமே போகாதவர்கள்கூட மண்ணில் தடத்தைப் பார்த்து, போனது எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அவர்கள் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரையின் உடலில் செலுத்துவார்கள். குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து வருவதுதான் ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்குள்ளவர்களால் கண்டுபிடிக்க முடியாத மலைப்பாம்புகளை இரண்டு வாரத்துக்குள் 13 பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன்.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டு, பிளேடால் கீறி இரத்தத்தை வெளியேற்று. இப்படித்தான் நான் ஆசிரியர் பயிற்சியில் படித்தேன். அப்படியே வருடா வருடம் கரும்பலகையில் படம் வரைந்து பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஆகும்பேயில் பாம்புகளைப் பற்றி விளக்கிய ஓர் இளைஞரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, இது தவறு" என்றார். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகிப்போகலாம். கீறினால் இரத்தம் நிற்காமல் போகலாம். வாயால் உறிஞ்சினால் பயன் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூரையில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. நான் கற்றுக்கொடுத்ததை நம்பி யார் யார் கயிற்றைக் கட்டினார்களோ என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலக் கிராமத்தில் வாழ்பவர்கள். காரணம் ராஜநாகம் இல்லை. அது நம் வயல் பக்கம் வருவதே கிடையாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குதான் பெரும்பாலான உயிர்களைப் பறிக்கின்றன. இந்த நான்குக்கும் விஷமுறிவு மருந்து இருக்கிறது.

ஆகவே என்னிடம் படித்த பிள்ளைகளும், இப்போது அப்பா அம்மா ஆகிவிட்ட பழைய மாணவர்களும் நான் முன்பு சொன்னதை அழித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். யாரையாவது பாம்பு கடித்தால் ஓட விடாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வையுங்கள். மோதிரம், கொலுசு, அரைஞாண் போன்ற இறுக்கமானவற்றைக் கழற்றிவிடுங்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். 108-க்குப் பேசுங்கள், இல்லையென்றால் கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. அதில் இன்னொருவர் கடிபடுவார். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது. அதனால் கட்டிலில் படுங்கள். இரவில் கொல்லைப்புறம் போகும்போது டார்ச் விளக்கு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. சாரைப்பாம்புக்கு விஷம் கிடையாது. வயலில் எலி தின்கிற நம் கூலியில்லாத வேலைக்காரன் அது. ஒருமுறை பள்ளி வளாகத்தில் சாரை வந்தபோது அதை அடித்த பையனை நான் எல்லார் முன்னும் தட்டிக்கொடுத்திருக்கிறேன். இதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பாம்பு வந்தால் விலகி நின்று தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

ஆகும்பே போக ஆசையாக இருக்கிறதா? தஞ்சாவூர் அல்லது திருச்சியில் ரயில் ஏறிப் பெங்களூரு, அங்கிருந்து ரயிலில் சிவமொக்கா, பிறகு தீர்த்தஹள்ளி வழியாகப் பேருந்து. சிவமொக்காவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். உடுப்பி வழியாக வந்தால் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை. வயிற்றைப் பிரட்டும், முன் இருக்கை பிடித்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம், மழையைத் தவிர ஒன்றும் தெரியாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். காட்டுக்குள் வனத்துறை அனுமதி உள்ள இடங்களில், விவரம் தெரிந்தவரோடு மட்டும் போங்கள். தின்பண்டக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அருவிப் பாறையில் நான் பார்த்த முறுக்குப் பொட்டலம் ஒன்றில் தமிழில் எழுதியிருந்தது, வெட்கமாகப் போயிற்று.

அவ்வளவு தூரம் போகப் பணத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? இந்த விடுமுறைக்குக் கரைவெட்டி ஏரிக்குப் போய் வாருங்கள். 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது நம் ஏரி. ஐப்பசி மழை நிரப்பிய பிறகு வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும். வருகிற வழியில் கீழையூர் இரட்டைக் கோயிலையும் பாருங்கள்.

பிறகு ஒரு நோட்டில், வரைபடத்தில் இல்லாத ஓர் ஊருக்குப் பெயர் வையுங்கள். அதில் ஓர் ஆறு, ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், அடிவாங்காத ஒரு சாரைப்பாம்பு. எழுதி நம் சிறுவர் பகுதிக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, நான் திருத்திக்கொள்கிறேன்.